தகரக் கொட்டகையில் ஒரு விமானம்

ஆம்பூரில் மூடிக்கிடந்த ஒரு டேனரியின், தோல் பதனிடும் ஆலையின், தகரக் கொட்டகையில் என் கணவர் சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஷூ கம்பெனியில் மெஷின் பழுதுபார்ப்பது அவர் வேலை. நான் அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கொட்டகைக்குப் போய்விடுவார். நான் அந்தப் பக்கமே போனதில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தத் துக்கத்தை என்னோடு பேசாமல் அலுமினியத் தகட்டோடு பேசுகிறார் என்று எனக்கு ஆத்திரம்.

இறக்கை, வால், இன்ஜின் எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஓட்டுபவரின் தலைக்குமேல் வரும் கேனோபி மட்டும் பாக்கி. அப்போதுதான் அவருக்கு நுரையீரலில் புற்று என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து ஏற ஏற உடம்பு வற்றியது, கை நடுங்கியது. ஒருநாள் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு, "நீ கொஞ்சம் வர்றியா? அந்த மூடிய மட்டும் மாட்டிடலாம்" என்றார். கெஞ்சுகிற குரல். போனேன்.

கேனோபி கண்ணாடிபோல் தெளிவான அக்ரிலிக் பிளாஸ்டிக், பெரிய கொப்புளம்போல வளைந்திருந்தது. குளிர்ச்சியில் அறுத்தால் விரிசல் விடுமாம். அதனால் சித்திரை வெயில் உச்சிக்கு வந்த பிறகே வேலையை ஆரம்பித்தோம். பழைய தோல் வாடையும் வெக்கையும் சேர்ந்து மூச்சை அடைத்தன. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, டேப் ஒட்டிய கோட்டின்மேல் நான் அறுத்தேன்.

"அழுத்தாத. அதுவா போவட்டும்."

கொஞ்சம் அறுப்பது, தூக்கிச் சட்டத்தில் வைத்துப் பார்ப்பது, இடித்தால் இறக்கித் தேய்ப்பது. பல நாள் இப்படியே போனது.

தலை தட்டுகிறதா என்று பார்க்க அவரைக் கைத்தாங்கலாக சீட்டில் உட்காரவைத்தேன். தலைக்கும் மூடிக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான் இருக்கும் என்று முன்பு கணக்குப் போட்டிருந்தார். இப்போது என் கையே தாராளமாகப் போனது.

"ஒரு தலகாணி வெச்சுக்கறேன்" என்றார்.

"எதுக்குங்க?"

"ஓட்றவனுக்கு ஒசரம் வேணும்ல?"

மறுநாள் ஒரு தலையணையைக் கொண்டுவந்து சீட்டில் போட்டேன்.

திருகாணிகளுக்குத் துளை போடும்போது பின்னோரத்தில் டிக்கென்று ஒரு சத்தம். விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியது. டிரில்லைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

"இன்னா இப்போ? அது முனையில சின்னதா ஒரு ஓட்டை போடு. அதுக்கு மேல ஓடாது."

போட்டேன். ஓடவில்லை.

கடைசித் திருகாணியை முடுக்கியதும், தான் உள்ளே இருக்க மூடச் சொன்னார். மூடினேன். உள்ளே அவர் உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இருமத் தொடங்கினார். மூச்சுப்பட்டு மூடி மங்கியது. கைப்பிடியைத் தூக்கப் பார்த்தார், பலமில்லை. பதறிப்போய் நான் வெளியிலிருந்து திறந்தேன்.

"உள்ள இன்னா பேசினீங்க?"

துண்டால் வாயைத் துடைத்தார். துண்டில் ரத்தம்.

"உன்ன முன்னாடியே இங்க கூப்ட்டிருக்கணும்னு சொன்னேன்."

எனக்கு ஆறுதலாக இல்லை. கோபம்தான் வந்தது. இதை ஏன் அடைத்த மூடிக்குள் போய்ச் சொல்ல வேண்டும்? அவரைத் தூக்கி இறக்கினேன். தூக்குவது சுலபமாக இருந்ததுதான் பயமாக இருந்தது.

ஐப்பசி மழையில் இறந்துபோனார். கொட்டகையின் சொந்தக்காரர் பாய், கருமாதி முடியும்வரை காத்திருந்து, "தப்பா நெனைக்காதம்மா, எடம் வேணும்" என்றார். பெங்களூரிலிருந்து விமானம் ஓட்டும் ஒருவர் வாங்கலாமா என்று வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்தார். வேலை சுத்தமாக இருக்கிறது, ஆனால் அனுமதிப் பேப்பர் முடியாத விமானத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்றார். இன்ஜினை மட்டும் எடுத்துப்போனார். மிச்சத்தை வாணியம்பாடி பழைய இரும்புக் கடைக்காரர் துண்டுதுண்டாக வெட்டி வண்டியில் ஏற்றினார். வெட்டும்போது நான் அங்கேயே நின்றேன்.

கேனோபி பிளாஸ்டிக், அது வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பாயின் ஆட்கள் அதை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். வாசலில் நுழையவில்லை. கயிறு கட்டி மொட்டைமாடிக்கு ஏற்றி, காற்றில் பறக்காமல் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துக் கட்டினோம். மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போனேன்.