அத்தான் விரல் தேய்த்த இடம்

எங்கள் அக்கா தையற்காரி. தெருவில் எல்லோருக்கும் அவள் 'அளவு அக்கா'. ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். நாடாவை எடுப்பதெல்லாம் வந்தவர்கள் மனம் கோணக்கூடாது என்பதற்காகத்தான். அப்பேர்ப்பட்டவள் ஒரு பிளாஸ்டிக் போன் கவரில் கோட்டை விட்டாள் என்றால் யார் நம்புவார்கள்?

அது அத்தானின் கவர். கறுப்பு. பேசும்போதெல்லாம் அதன் முதுகில், வலது மேல்மூலையை, ஆட்காட்டி விரலால் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்த இடம் ஒரு காசு அளவுக்கு வழவழவென்று வெளுத்திருந்தது. அவர் இறந்துபோய் எட்டு மாதமாக அந்தப் போனில் பேசியது அக்காதான், விரலை அதே இடத்தில் வைத்துக்கொண்டு. சட்டை அளவு கேட்டுக்கொண்டிருப்பவள் திடீரென்று காலி அறைப் பக்கம் திரும்பி, "இதோ வரேங்க" என்பாள். நானும் அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் மதியம் இரண்டு தட்டு வைத்தாள். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன், அது அவளுக்கும் தெரியும்.

பேட்டரி உப்பி அந்தப் போன் செத்தது. அக்கா மகள் புதிது வாங்கி வந்தாள்.

"இதுக்கு நல்ல கவரா ஒண்ணு வாங்கிக்கலாம்மா."

"எதுக்கு? பழசே உட்காருது பாரு. இதுல உங்கப்பா கை இருக்குடி."

உண்மையில் கச்சிதமாக உட்கார்ந்தது. கேமரா மட்டும் தகராறு. பழைய போனில் அது நடுவில். புதியதில் இடது மூலையில்.

"ஒரு ஓட்டை போடணும், அவ்வளவுதானே? ஆயுசுக்கும் பட்டன் ஓட்டை போட்டவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பில் ஸ்க்ரூடிரைவரைச் சூடு பண்ணப் போட்டாள். அரம், கத்தரி, சுண்ணக்கட்டி எல்லாம் தயார். புதுப் போனைக் கவிழ்த்து, கேமரா எங்கே என்று விரற்கடை போட்டுப் பார்த்தாள். கவரை மல்லாத்தி, அதன் உள்பக்கத்தில் இடது மூலையில் வட்டம் போட்டாள். துணியிலும் உள்பக்கத்தில்தான் அவள் கோடு போடுவாள். அதையும் இரண்டாக மடித்து வெட்டுகிறவள். இடமும் வலமும் ஒன்றாகவே விழும். திருப்பிப் பார்க்கும் பழக்கமே கிடையாது.

வட்டம் விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கவரைத் திருப்பினால் அது வலது மூலை, அத்தான் தேய்த்த மூலை.

"அக்கா..."

"என்னடி?"

போகட்டும் என்று நினைத்தேன். அந்த விரல் தடத்தோடு அவரும் போகட்டும், இருக்கிறவளாவது எனக்கு மிஞ்சட்டும். பயம்தான். கொஞ்சம் பொறாமையும்.

"ஒண்ணுமில்ல. சூடு பத்துமா அதுக்கு?"

"பத்தும், பத்தும்."

புகை கண்ணைக் கரித்தது. ஓட்டை விழுந்ததும் அரத்தால் சுற்றிலும் ராவினாள். கறுப்புத் தூள் அவள் மடியில் உதிர்ந்துகொண்டே இருந்தது. கால்மணி நேரம். அத்தனை நேரமும் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும்.

ஊதிவிட்டுத் திருப்பினாள். தேய்ந்த இடத்தைத் தேடி விரலை வைத்தாள். விரல் ஓட்டை வழியாக மறுபக்கம் போயிற்று. எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"இங்கதானே இருந்தார்?"

எனக்கு அழுகை பீறிட்டது. அக்கா பதறி எழுந்து, தூள் அப்பிய கையாலேயே என் முகத்தைத் துடைத்தாள்.

"நீ ஏன்டி அழறே? என் கவனக்குறைவுக்கு நீ என்ன பண்ணுவே? உனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டியா?"