வாகீசக் குருக்களின் வலத்தோள்

நயினாதீவில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் வாகீசக் குருக்கள் முப்பத்தொரு வருடமாகப் பூசை செய்கிறார். ஊரில் யாருக்கு என்ன குறை என்றாலும் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மிச்சத்தைக் குருக்கள் பார்த்துக்கொள்வார். செய்யவேண்டிய கிரியையைச் செய்துவிட்டால் பலன் வந்தே தீரும், தவறினால் அதற்கும் பரிகாரம் உண்டு என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வலத்தோள் இறுகிப்போனபோதுதான் வந்தது.

கை காதளவுக்கு மேலே ஏறவில்லை. சால்வை போடவே மனைவி பாலாம்பிகை வேண்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. திருவிழாவுக்குப் பத்துக் கிழமைதான் இருந்தது. கடைசி நாள் பிள்ளையார் எலி வாகனத்தில் ஏறி, வசந்த மண்டபத்தில் ஆளுயரத்துக்கு மேலே நிற்பார். அவருடைய முடிக்கு நேரே பஞ்சாராத்தியை உயர்த்திச் சுற்றவேண்டும். ஏலாவிட்டால் வேலணையில் கோயில் பூசை பார்க்கும் பாலாம்பிகையின் தம்பிதான் வந்து தீபத்தை வாங்குவார். “அத்தான், யோசிக்காதேங்கோ, நான் இருக்கிறன்” என்று அவர் தொலைபேசியில் சொன்னார். அந்தக் குரலில் இருந்த உற்சாகம் குருக்களுக்குத் தோளைவிட அதிகமாக நொந்தது.

படகில் குறிகட்டுவானுக்கும், அங்கிருந்து பஸ்ஸில் பட்டினத்து ஆஸ்பத்திரிக்கும் போனார். அங்கே பிசியோதெரபி பார்ப்பவள் ஊர்காவற்றுறைப் பெண், பெயர் மேர்சி. கையைப் பிடித்து மெல்ல உயர்த்தினாள்.

“தோளிலை நோ எவ்வளவு, ஐயா? பத்துக்குச் சொல்லுங்கோ.”

“ரெண்டு” என்றார் குருக்கள். கண்ணால் தண்ணீர் ஓடியது. ஒரு குருக்கள் சின்னப் பெண்ணுக்கு முன்னால் முனகலாமா?

“ஐயா, நீங்கள் உள்ளதைச் சொன்னால்தான் எவ்வளவு உயர்த்தலாம் எண்டு எனக்குத் தெரியும்.”

“அப்ப எட்டு” என்றார், மிகவும் சின்னக் குரலில்.

சுவருக்கு முன்னால் நின்று, விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல மேலே நடக்கவேண்டும். வேளைக்குப் பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. இரண்டு கிழமையால், பதினாலாம் நாள், வரச் சொன்னாள்.

முதல் நாள் மதியம் சாப்பிட்ட களை. அடுத்த நாள் ஒரு புதுவீட்டுக் குடிபூரல் கிரியை. மூன்றாம் நாள் நொந்தது. இப்படியே பதின்மூன்று நாளும் போய்விட்டன. பூசை தவறினால் பிராயச்சித்தம் உண்டு. பயிற்சிக்கு மட்டும் இல்லாமலா போகும் என்று குருக்கள் யோசித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று விடிய எழுந்து முழுகி, சங்கற்பம் செய்துகொண்டு சுவருக்கு முன்னால் நின்றார். பாலாம்பிகை பக்கத்தில் இருந்து உருத்திராட்ச மாலையை உருட்டி எண்ணினா.

“எத்தினை தரம் செய்தனீங்கள், ஐயா?” என்று மேர்சி கேட்டாள்.

“நானூற்றிருபது. ஒண்டும் குறையேல்லை.”

அவளுடைய முகம் மலர்ந்தது. பிறகுதான் தோளைப் பார்த்தாள். அது கொழுக்கட்டை போலப் பொங்கியிருந்தது.

“எப்ப செய்தனீங்கள்?”

“எல்லாம் இண்டைக்கு விடியத்தான்.”

மேர்சி ஐஸ் பையைக் கொண்டுவந்து தோளில் வைத்தாள். “ஐயா, பதின்மூண்டு நாள் பிள்ளையாருக்குப் பூசை வைக்காமல் விட்டிட்டு, பதினாலாம் நாள் எல்லாத்தையும் சேர்த்து வைப்பியளே?”

“அதுக்கும் சாத்திரத்திலை வழி இருக்கு, பிள்ளை.”

“இருக்கும். பிள்ளையார் பொறுப்பார். மூட்டுப் பொறுக்காது.”

முப்பத்தொரு வருடத்தில் குருக்கள் தோற்ற முதல் சாத்திர விவாதம் அது. இரண்டு நாள் தோளுக்கு ஓய்வு கொடுத்து ஐஸ் வைக்கவும், பிறகு ஒவ்வொரு பூசைக்கும் அடுத்ததாகப் பத்தே பத்துத் தரம் செய்யவும் சொல்லி அனுப்பினாள். கை எட்டிய இடத்தில் தினமும் ஒரு கோடு போடவேண்டுமாம்.

கோயிலில் கோடு போட என்ன இருக்கிறது? விபூதிதான். மடப்பள்ளிச் சுவரில் வெள்ளைக் கோடு விழுந்தது. மூன்றாம் நாள் அதன் கீழே ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது.

வைத்தது, மூன்று வேளைப் பூசைக்கும் தவறாமல் வரும் சிவக்கொழுந்து அக்கா. மூன்று வருடமாக அவவின் கையும் நெஞ்சுக்கு மேலே உயராது. ஆஸ்பத்திரிப் பக்கமும் தலை காட்டமாட்டா.

“அக்கா, இது சாமியில்லை. என்ர தோளுக்குச் சொன்ன பயிற்சி” என்றார் குருக்கள்.

“ஓம் ஓம், உந்த மகிமையளை நீங்கள் வாயாலை சொல்லமாட்டியள்” என்று அவ கோட்டைத் தொட்டுக் கும்பிடக் கையை நீட்டினா. எட்டவில்லை. அடுத்த வேளையும், அதற்கடுத்த வேளையும் நீட்டினா.

அதோடு குருக்கள் பயிற்சிக்குக் கள்ளமடிப்பது ஒழிந்தது. பூசை முடிந்தால் ஏழெட்டுப் பெண்கள் கோட்டைத் தொட அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பார்கள். ஒரு மதியம் பசியில் நழுவப் பார்த்தார். “ஐயா, சுவர்ப் பூசை?” என்று சிவக்கொழுந்து அக்கா வழியை மறித்தா. சாபம் வாங்கலாம், சிவக்கொழுந்து அக்காவிடம் பேச்சு வாங்க ஏலாது. திரும்பிப் போய்ப் பத்துத் தரம் செய்தார். கோடுகள் ஒவ்வொரு விரற்கடையாக ஏறின.

திருவிழாவின் கடைசி நாள் வசந்த மண்டபம் நிறைந்திருந்தது. வேலணை மைத்துனர் கையை அரைவாசி நீட்டியபடியே பக்கத்தில் நின்றார். குருக்கள் பஞ்சாராத்தியை எடுத்தார். தீபம் தும்பிக்கையைத் தாண்டியது. பிள்ளையாரின் கண்ணருகே வரத் தோள் பிடித்துக்கொண்டது. பாலாம்பிகை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றா. சுவரில் ஏறுவதுபோலவே, அவசரப்படாமல், ஒவ்வொரு விரற்கடையாக உயர்த்தினார். முடிக்கு நேரே தீபம் நின்றது.

“அரோகரா!” என்று சனம் கைகளைத் தலைக்கு மேலே தூக்கியது. முன்வரிசையில் சிவக்கொழுந்து அக்காவின் இரண்டு கையும் உச்சிக்கு மேலே குவிந்திருந்தன. அவ அதைக் கவனிக்கவேயில்லை, பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு நின்றா. குருக்கள் பார்த்தார். கண் நிறைந்து தீபம் பத்தாகத் தெரிந்தது.

ஐயாவுக்குப் பக்தி மேலிட்டுவிட்டது என்று ஊர் சொன்னது. கர்ப்பூரப் புகை என்றார் மைத்துனர். அடுத்த முறை போனபோது மேர்சி வழமைபோலக் கேட்டாள்: “அண்டைக்குத் தீபம் தூக்கேக்கை நோ எவ்வளவு, ஐயா? பத்துக்குச் சொல்லுங்கோ.”

“நோ ஆறு, பிள்ளை” என்றார் குருக்கள். “மிச்ச நாலும் சந்தோசம்.”