வீரையன் விட்ட வரப்பு

எங்கள் தெருவில் நடைபாதை போட நகராட்சி இடம் எடுத்தபோது பதினோரு பேருக்கு நோட்டீஸ் வந்தது. பத்துப் பேருடையதில் ‘நிலம் கையகப்படுத்தப்படுகிறது’ என்றிருந்தது. என்னுடையதிலும் அதுதான். வீரையனுக்கு வந்ததில் மட்டும் ‘ஆக்கிரமிப்பை உடனே அகற்றவும்’.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வீரையனா ஆக்கிரமிப்பு? நல்ல கதை!

என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவருடையது. எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து நட்ட குடும்பம். அந்தக் குடும்பத்தில் பட்டா என்ற காகிதத்தில் தன் பெயரைப் பார்த்த முதல் ஆள் அவர்தான். இருபது வருஷத்துக்கு முன் அந்த இடத்தில் கடை கட்டும்போது ஒரு கூத்துப் பண்ணினார். ரோட்டோரம் மூன்றடியை விட்டுவிட்டு, உள்ளே தள்ளிச் சுவர் எழுப்பினார்.

“ஏண்ணே, டவுன்ல யாராச்சும் சொந்த எடத்த வெளிய விட்டுட்டுக் கட்டுவாங்களா?” என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

“வரப்பு விட வேணாமா பாய்? நாலு பேரு நடக்க எடமில்லன்னா அப்புறம் தெனம் வம்புதான்” என்றார்.

நானோ ஓர் அங்குலம்கூட விடாமல் ரோட்டை ஒட்டிக் கட்டினவன்.

அந்த மூன்றடியில் அவர் ஒரு சிமெண்டுப் படி போட்டார். விவசாயிகள் மோட்டாரைக் கொண்டுவந்து அதில் இறக்குவார்கள். மிச்ச இடத்தில் ஊர் நடந்தது. என் பைக்கை நான் நிறுத்தியதும் அங்கேதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நாளடைவில் எல்லாருக்கும் அது ரோடாகிவிட்டது. சுவரோடு அவர் எல்லை முடிந்தது என்று நகராட்சியிலிருந்து அளக்க வந்தவர்களும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

நோட்டீஸை என் மேசையில் விரித்து, அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார் வீரையன்.

“படிதானண்ணே, இடிச்சா இடிச்சுட்டுப் போறாங்க, விடுங்க” என்று வாய் சும்மா இல்லாமல் சொல்லிவிட்டேன்.

“எடத்துக்கா பாய் அழுவுறேன்? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். திருடிட்டேன்னுல்ல எழுதிட்டாங்க.”

அப்போதே உட்கார்ந்து ஆட்சேபணை மனுவை எழுதினேன். பட்டாவை நகலெடுத்து இணைத்தேன்.

பத்து நாள் கழித்து சர்வேயர் வந்தார். வரைபடத்தைப் பார்த்தார், டேப்பைப் பிடித்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“படத்துல செவுத்துக்கு வெளியிலயும் இவருக்கு எடம் இருக்கு. ஆனா எல்லைக் கல்லு இல்லாம நான் எப்படி எழுதுறது? இத்தன வருசமா இதுல யாரு புழங்குறா?”

தெருவே என் பைக்கைப் பார்த்தது. வீரையன் மட்டும் பார்க்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

“இவரு எடந்தான் சார். நான்தான் இருபது வருசமா ஓசியில வண்டி நிறுத்துறேன்” என்று பைக்கை நகர்த்தினேன். டேப் சரியாக அந்த இடத்தில்தான் வந்து முடிந்தது. கடப்பாரையால் தோண்டினார்கள். ஓரடி ஆழத்தில் ணங்கென்று கல் தட்டியது.

சர்வேயர் சிரித்தார். “பெரியவரே, கவலய விடுங்க. உங்களுக்கும் கையகப்படுத்துறதாவே மாத்தி எழுதிடறேன்.”

வீரையன் சிரிக்கவில்லை. குனிந்து கல்லின் மேலிருந்த மண்ணைக் கையாலேயே தள்ளினார்.

“எங்கப்பன் ஆயுசு பூரா அடுத்தவன் வரப்புலதான் சார் நடந்தாரு. என் வரப்புல ஊரே நடக்கட்டும், எனக்குச் சந்தோசந்தான். இது வீரையன் வரப்புன்னு எழுதிட்டு நடங்க.”

சர்வேயர் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘வீரையன் பட்டா நிலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குத்தான் கண் கலங்கித் தொலைத்தது.

மறுவாரம் படியை இடிக்க ஆள் வந்தது. வீரையன் கடப்பாரையைக் கேட்டு வாங்கி, முதல் போடு அவரே போட்டார்.