எனக்கு மட்டும் தனி கிளாஸ்

பஹ்ரைனில், மனாமாவில் எங்கள் சைட் போர்மேன் லெபனான்காரர். தன் தங்கை கல்யாணத்துக்கு என்னையும் லெபனானுக்குக் கூட்டிப்போனார். பத்ரூன் என்கிற பழைய துறைமுக ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு, மலைமேல் இருந்த அவர் அப்பாவின் திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அப்பா எல்லாருக்கும் ஒயின் ஊற்றினார். எனக்கு மட்டும் உள்ளேயிருந்து தனி கிளாஸில் திராட்சை ஜூஸ் வந்தது.

தனி கிளாஸ் எதற்கென்று ஊர் டீக்கடையிலேயே பார்த்தவன் நான். என் சாதி இவருக்கு எப்படித் தெரியும்? கேம்ப்பில் இருக்கும் ஊர்க்காரன் எவனாவது போர்மேனிடம் போட்டுக்கொடுத்தானா? நான் கிளாஸைத் தொடவில்லை.

போர்மேன் சிரித்தார். "குடி பாய். கல்ஃபிலிருந்து வருகிறாய் என்றதும் அப்பா உன்னை முஸ்லிம் என்று நினைத்துவிட்டார். ஒயின் படாத கிளாஸ் வேண்டுமென்று இன்றைக்குத்தான் வாங்கினார். இரு, நீ முஸ்லிம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்."

கிளாஸைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கடை ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது.

"சொல்லாதீங்க பாய்," என்றேன்.

மரியாதைக்காக எனக்கென்று வைத்த முதல் தனி கிளாஸ் அது.