இஸ்திரி பாய்

எங்கள் அம்மாவுக்கு இந்தி வராது என்று சொல்ல முடியாது. வரும், ஆனால் பாதி வழியிலேயே இறங்கிவிடும். 'பையா' என்று இழுத்து முடிக்கப் பொறுமை இருக்காது. 'பாய்' என்று வெட்டிவிடுவாள். டெல்லி துவாரகாவுக்கு வந்த இருபது வருடத்தில் ஆட்டோக்காரர் பாய், காய் வண்டிக்காரர் பாய், லிஃப்ட் ரிப்பேருக்கு வருகிறவர் பாய். இந்தியில் அது தப்பே இல்லை. அண்ணன், தம்பி என்று அர்த்தம். டெல்லியில் சண்டைக்கு வருகிறவன்கூட 'பாய்' என்று ஆரம்பித்துவிட்டுத்தான் கெட்ட வார்த்தைக்குப் போவான்.

அம்மாவின் மதுரையில் அது வேறு சொல். அங்கே பாய் என்றால் முஸ்லிம். கறிக்கடை பாய், பிரியாணி பாய். அன்பாகச் சொல்வதுதான், ஆனாலும் ஆளைப் பிரித்துக் காட்டிச் சொல்வது. இரண்டு ஊர்ச் சொல்லும் அம்மாவின் வாயில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லும் எந்த ஊரிலிருந்து வந்தது என்று எல்லோரையும் பிடித்துவைத்துப் பேசுகிற நானும் கவனிக்கவில்லை.

எங்கள் அடுக்குமாடி டவருக்குக் கீழே கார் நிறுத்தும் தூண்களுக்கு நடுவில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ஒருவர் இஸ்திரி போடுகிறவர். மேஜை, அதன்மேல் மடித்துப் போட்ட பழைய கம்பளி, கரி போட்ட பெட்டி, மூடியில் ஆணியால் ஓட்டை குத்திய தண்ணீர் பாட்டில். அம்மாவுக்கு இவர் 'இஸ்திரி பாய்'. அடுத்த தூணுக்குக் கீழே மிதி மிஷினோடு தையல்காரர். வடக்கோ தெற்கோ, தையல்காரர் என்றால் மாஸ்டர்தான். அதனால் அம்மாவுக்கும் அவர் மாஸ்டர், மற்றவர்களுக்கு மாஸ்டர்ஜி. எட்டு வருடமாக டவரில் எல்லோருடைய பிளவுஸும் அவர் கையில்தான். இருவருடைய பெயரும் யாருக்கும் தெரியாது. வாசல் கேட்டின் நுழைவு பாஸ் பட்டியலில்கூட ஒருவர் 'பிரஸ்', இன்னொருவர் 'டைலர்'.

எனக்கு மட்டும் மாஸ்டர்ஜியைத் தெரியும். அதாவது தெரியும் என்று எனக்கு ஒரு பெருமை. கல்லூரியில் பிரிவினைக் காலத்து வாய்மொழி நினைவுகளைச் சேகரிக்கச் சொன்னபோது அவரிடம் போய் நின்றேன். அவருடைய தாத்தாவின் குடும்பம் அந்த வருடம் பழைய டெல்லி வீட்டைப் பூட்டிவிட்டுப் புராணா கிலா கோட்டை அகதி முகாமில் கூடாரத்துக்குள் கிடந்திருக்கிறது. பாதிப் பேர் பாகிஸ்தானுக்கு ரயிலேறிவிட்டார்கள், தாத்தா மட்டும் சாவியோடு திரும்பி நடந்திருக்கிறார். பூட்டில் வேறு யாருடைய சாவியோ பொருந்துகிற வீடாகிவிட்டது அது. போனில் பதிவு செய்துகொண்டே நான் "அப்புறம்? அப்புறம்?" என்று குதித்துக்கொண்டிருந்தேன். அவர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சொன்னார்: "இதைக் காலேஜில் சொல், பேட்டா. இங்கே கீழே சொல்லாதே."

"சொல்ல மாட்டேன்" என்றேன். கலவரத்தில் வடகிழக்கு டெல்லி எரிந்த வாரத்தில் அவர் ஐந்து நாள் வராமல் இருந்ததும், திரும்பி வந்து காய்ச்சல் என்று சொன்னதும், நாங்கள் எல்லோரும் அதை நம்பியதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சொசைட்டியில் எங்களைப் போலத் தமிழ்க் குடும்பங்கள் ஒன்பது. அதற்கொரு வாட்ஸப் குழு. மூன்றாம் மாடிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த கோயம்புத்தூர் அங்கிள் அதில் சேர்ந்த முதல் வாரமே அம்மாவிடம் கேட்டார்: "ஏனுங்க்கா, சட்டை தேய்க்கறதுக்கு ஆள் யாருங்க?" அம்மா குரலிலேயே பதில் போட்டாள். "நம்ம பாய் இருக்காப்லல்ல, கீழ, தூணுக்கு அங்கிட்டு. அவர்ட்ட குடுங்க. வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானம் இருக்க மாட்டாப்ல. சாயங்காலமாக் குடுங்க."

பாய். வெள்ளிக்கிழமை. மத்தியானம். கோயம்புத்தூர்க் காதில் இது எப்படி விழுந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அவர் கெட்டவர் என்றுகூடச் சொல்ல வரவில்லை. பேசினால் "கண்ணு" இல்லாமல் பேச மாட்டார். ஆனால் அன்று இரவே அவர் சொசைட்டியின் பெரிய குழுவில் பணிவாக ஒரு கேள்வி போட்டார்: நம் பிரஸ்காரர் எந்தச் சமூகம் என்று யாராவது சரிபார்த்தீர்களா? பெயர் ஏன் பட்டியலில் இல்லை? மறைக்கிறாரா?

அந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தினமும் காலை ரோஜாப்பூவில் 'சுப்ரபாத்' வரும். அதற்கடியிலேயே 'எண்ணூறு வருடம் நம்மை என்ன செய்தார்கள் தெரியுமா' என்று ஒன்று வரும். இடித்த கோயில், எரித்த ஊர், யாரோ எங்கோ தட்டிய வருடக்கணக்கு. நான் பல் விளக்கிக்கொண்டே பதில் அடிப்பேன். இந்த வருடம் தப்பு, அந்தப் போரில் இரண்டு பக்கமும் இரண்டு மதத்துப் படைத்தலைவர்களும் இருந்தார்கள் என்று. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. இந்தப் பகையே வாதம் செய்து ஜெயிக்கிற ஒன்று என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வீடியோ வந்தது. பால்கனியிலிருந்து எடுத்தது. பதினோரு விநாடி. இஸ்திரிக்காரர் பாட்டிலைத் தூக்குகிறார், வாய், குனிகிறார், துணிமேல் தண்ணீர் விழுகிறது. அவ்வளவுதான். தாகத்துக்குக் குடித்துவிட்டு ஓட்டை மூடியைத் திருகித் துணிக்குத் தெளிக்கிறார். நடுவிலிருந்த மூடி திருகுகிற நேரத்தை யாரோ வெட்டியிருந்தார்கள். 'துப்புகிறான்' என்று கீழே எழுதியிருந்தது. முஸ்லிம் வியாபாரிகள் எதிலும் துப்பித்தான் தருகிறார்கள் என்பது அந்தக் குழுவில் சுற்றுகிற பழைய புரளி. அதற்குள் நாற்பது பேர் வாந்தி எடுக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். அந்தப் பச்சை முகங்கள் இன்னும் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. இதே ஆள் இவர்கள் வீட்டுக் கல்யாணப் புடவைகளை மடிப்புக் கலையாமல் மேலே கொண்டுவந்து கொடுத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம், அவருடைய பாஸை ரத்து செய்ய.

நான் சனிக்கிழமையே கீழே ஓடினேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் பெயரைக் கேட்டேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பத்து வருஷம் கழித்து?" என்றார். மணிக்கட்டில் கோயிலில் கட்டிவிடுகிற சிவப்புக் கயிறு. அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கே போகிறீர்கள் என்றேன். மனைவி சந்தோஷி மாதாவுக்கு விரதமாம். அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறாராம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்துத் தூணில் மாஸ்டர்ஜியும் சிரித்தார். "போ, இவனைக் காப்பாற்று" என்றார். "இவன் போனால் எனக்கு டீக்குத் துணை யார்?"

கம்யூனிட்டி ஹாலில் சமோசா வைத்திருந்தார்கள். ஒருவருடைய பிழைப்பைப் பிடுங்குகிற கூட்டத்துக்குச் சமோசா, பச்சைச் சட்னி, பேப்பர் தட்டு. எண்ணெய் விரலைத் துடைத்துக்கொண்டே செயலாளர் பேசினார். யாருக்கும் யார்மேலும் வெறுப்பில்லை, இது சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றார். அப்பா கடைசி வரிசையில் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரு பாப்பா. நமக்கெதுக்கு."

நான் எழுந்தேன். பாய் என்கிற சொல்லின் இரண்டு அர்த்தத்தையும் இந்தியில் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன், இரண்டு பேர் தலையாட்டினார்கள். இஸ்திரிக்காரர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் உறையில் ஆதார் அட்டையோடு நின்றிருந்தார். அட்டை கை மாறிக் கை மாறிப் போனது. ஐந்தாம் மாடி ஆன்ட்டி அதை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து, அதிலிருந்த அவருடைய அப்பா பெயரையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுத்தாள்.

"அப்ப அந்த வெள்ளிக்கிழமைங்க?" என்றார் கோயம்புத்தூர் அங்கிள் என்னிடம், தமிழில், மெதுவாக.

"பொண்டாட்டிக்கு விரதம் அங்கிள். அம்மன் கோயில்."

"அட கடவுளே. தப்பு நடந்துபோச்சு கண்ணு. நம்மாளுதான்!"

நம்மாளுதான். அந்த நிம்மதி ஹால் முழுக்கப் பரவியதை நான் என் கண்ணால் பார்த்தேன். சிரிப்பு. யாரோ அவருக்கு ஒரு சமோசா எடுத்துக் கொடுத்தார்கள். செயலாளர் அவர் தோளைத் தட்டினார். வீடியோ? அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அதே பதினோரு விநாடிதான்; அதே வாய், அதே தண்ணீர். அது இப்போது துப்பல் இல்லை. பெயர் மாறியதும் எச்சில் தண்ணீராகிவிட்டது.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். காரியம் முடிந்திருந்தது. ஆனால் அந்த நிம்மதியை அப்படியே விட்டுவிட்டு உட்கார என்னால் முடியவில்லை. மறுபடி எழுந்தேன். "இவர் முஸ்லிமாகவே இருந்திருந்தால்தான் என்ன?" என்று கத்தினேன். "மாஸ்டர்ஜி எட்டு வருடமாக உங்கள் பிளவுஸைத் தொட்டுத் தைக்கவில்லையா? உங்களுக்கு என்ன ஆகிவிட்டது?"

என்ன அழகான வாதம். எதிரே பதிலே இல்லாத வாதம்.

ஐந்தாம் மாடி ஆன்ட்டியின் கை தன் தோளுக்குப் போனது, பிளவுஸின் தையல் ஓடுகிற இடத்துக்கு. செயலாளர் என்னைப் பார்த்து, அப்படியா என்கிற மாதிரி, ஒரே ஒரு சொல் சொன்னார். "அச்சா?"

வாசலில் இஸ்திரிக்காரர் கடிக்காத சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

லிஃப்டில் அப்பா, "ஜெயிச்சுட்ட, போ" என்றார். வீட்டில் அம்மாவுக்கு அதற்குள் வாட்ஸப்பில் செய்தி வந்திருந்தது; கதவைத் திறந்ததும் கேட்டாள். "ஏண்டி, மாஸ்டரு பாயா?" இருபது வருடத்தில் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம் மட்டும் இருந்தது அன்றைக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கார் நிறுத்தும் இடத்தில் தையல் மிஷினும் துணிக்குவியலும் தீ விபத்துக்கு வழி. பாதுகாப்பு கருதி அகற்றப்படும். அடுத்த தூணுக்குக் கீழே இஸ்திரிப் பெட்டிக்குள் கரி செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது. அதில் யாருக்கும் தீ தெரியவில்லை. நான் அந்த நோட்டீஸைக் கிழித்தேன்; சாயங்காலம் புதிதாக ஒட்டினார்கள். செயலாளரிடம் போனேன், விதி எல்லோருக்கும் பொது என்றார். குழுவில் எழுதினேன், என்னைக் குழுவிலிருந்து எடுத்தார்கள். கோயம்புத்தூர் அங்கிள் மட்டும் படிக்கட்டில் நின்று, "நான் அவரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலீங்க, கண்ணு" என்றார். அது உண்மை. சொன்னது நான்.

புதன்கிழமை மாஸ்டர்ஜி மிஷினை ஈ-ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டிருந்தார். மிதிப்பலகையை இஸ்திரிக்காரர் பிடித்திருந்தார். நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். மாஸ்டர்ஜி பையிலிருந்து என் நீலக் குர்த்தாவை எடுத்து நீட்டினார். இடுப்பைச் சின்னதாக்கக் கொடுத்திருந்தது. "நூல்தான் ஓட்டியிருக்கிறேன், மிஷினில் அடிக்கவில்லை. இழுத்துப் போடாதே, பிரிந்துவிடும்" என்றார். அப்புறம், "அந்தக் காலேஜ் வேலைக்கு மார்க் வந்ததா?"

"வந்தது."

"நல்ல மார்க்கா?"

"நல்ல மார்க்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டார். அவருடைய போன் எண் அடுத்த வாரத்திலிருந்து கிடைக்கவில்லை.

இப்போது அந்தத் தூணுக்குக் கீழே இரண்டு செடித்தொட்டி இருக்கிறது. இஸ்திரி மேஜையில் துணி மலைபோலக் குவிகிறது. குழுவில் வாந்திப் பொம்மை போட்டவர்கள் எல்லோரும் இரண்டு மடங்கு துணி கொடுக்கிறார்கள், பெயரைச் சொல்லி, கூடவே 'ஜி' போட்டு. அம்மாவும் பால்கனியிலிருந்து அந்தப் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறாள். பாய் என்கிற சொல்லை ஆட்டோக்காரரிடம்கூட இப்போது அவள் எடுப்பதில்லை. நீலக் குர்த்தா அலமாரியில் வெள்ளை நூலோடு கிடக்கிறது. வேறு யாரிடமும் கொடுத்து அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் அதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மாஸ்டர்ஜி எங்கே கடை போட்டிருக்கிறார் என்று இஸ்திரிக்காரருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து திரும்புகிற வழியில் அங்கே டீ குடிக்கிறார் என்று காவலாளி சொல்லியிருந்தார். கேட்டேன்.

அவர் ஓட்டை மூடிப் பாட்டிலைக் குலுக்கி ஒரு சட்டைமேல் தெளித்தார்.

"தெரியும்" என்றார். "உனக்குச் சொல்ல மாட்டேன், பேட்டா. நீ நல்ல பெண்தான். ஆனால் நீ யாரிடமாவது சொல்லிவிடுவாய்."

கோபம் இல்லை அந்தக் குரலில். பெட்டியை எடுத்துச் சட்டைக் காலரில் வைத்தார். பிறகு என் கையிலிருந்த குர்த்தாவைப் பார்த்துக் கேட்டார். "இதைத் தேய்க்கவா? நூல் பிரியாமல் தேய்க்கிறேன்."