இருமும்போது எவ்வளவு?

ரியாத்தில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வந்து, தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சர்ஜரி வார்டில் சேர்ந்தேன். வெளிநாட்டுப் போன் வந்தால் வார்டு மேஜைக்கு ஓடிவந்து எடுக்க வேண்டிய காலம் அது. அங்கே படிந்த ஒரு பழக்கத்தை விட எனக்கு மனசில்லை. காய்ச்சலும் நாடியும் பார்க்கும்போதெல்லாம் வலி எவ்வளவு என்றும் கேட்டு எழுதுவேன். இல்லவே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து. இங்கே சார்ட்டில் அதற்கு இடம் கிடையாது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நானே ஒரு பத்தி சேர்த்துக்கொண்டேன்.

சீனியர் சிஸ்டர் சிரித்தார். "வலிச்சா கத்தப் போறாங்க. இதுக்கு எதுக்குங்க மார்க்கு?"

முத்துப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பித்தப்பையில் கல், வயிற்றைக் கிழித்து ஆபரேஷன். கணவர் கட்டிலை விட்டு நகரமாட்டார். ஒரே மகன் துபாய் போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நான் எப்போது கேட்டாலும் அந்த அம்மா, "வலியெல்லாம் இல்லம்மா, பூஜ்யமே போட்டுக்க" என்பார். ஆபரேஷன் முடிந்த மூன்று நாளும் பூஜ்யமே எழுதினேன். வலிக்கான ஊசியும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

நான்காம் நாள் காலை காய்ச்சல் ஏறியிருந்தது. மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடியது. போர்வை நுனியை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. "ஒரு தடவை இருமுங்கம்மா" என்றேன். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை, கண்ணில் நீர்தான் வந்தது.

கணவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இப்பச் சொல்லுங்க. நிஜமா எவ்ளோ?"

"சும்மா படுத்திருந்தா நாலு. இருமினா ஒம்பது, பத்து" என்றவர் வாசலைப் பார்த்துக்கொண்டார். "அவுக காதுல விழுந்தா மகன்கிட்ட சொல்லிருவாக. அவன் உம்மா உம்மான்னு வேலையப் போட்டுட்டு வந்து நிப்பான். எம்புட்டு அலைஞ்சு கெடச்ச விசா!"

டாக்டர் சுற்றுக்கு வந்ததும் வலி மருந்து வேண்டும் என்றேன். அவர் சார்ட்டைப் புரட்டினார்.

"நீங்கதானே மூணு நாளா பூஜ்யம்னு எழுதியிருக்கீங்க?"

முகம் சுட்டது. சொன்ன எண்ணை எழுதினேனே தவிர, ஆளை நான் பார்க்கவில்லை.

"தப்பா எழுதிட்டேன் சார். நீங்களே இருமச் சொல்லிப் பாருங்க."

சொன்னார். அந்த அம்மா முயன்ற முயற்சியை நின்று பார்த்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து வெகுநேரம் கேட்டார். வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சிழுக்காததால் நுரையீரலின் அடியில் சளி கட்டத் தொடங்கியிருந்தது. ஆறு மணி நேரத்துக்கொரு தரம், நோயாளி கேட்கும்வரை காத்திராமல் வலி மருந்து கொடுக்கச் சொல்லி எழுதினார். சளிக்கும் மருந்து எழுதினார்.

மருந்து போட்டு அரை மணி கழித்து அந்த அம்மாவை உட்காரவைத்தேன். தையலின்மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினார். மகனிடம் யாரும் எதுவும் சொல்லமாட்டோம், என்னிடம் மட்டும் பொய் சொல்லக்கூடாது என்று அவரிடம் பேசி முடித்திருந்தேன். சாயங்காலம் இருமும்போது ஐந்து என்றார். அன்றிலிருந்து என் பத்தியை இரண்டாகப் பிரித்தேன்: படுத்திருக்கையில் ஒன்று, இருமுகையில் ஒன்று.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. துபாயிலிருந்து போன் வந்தபோது என் தோளைப் பிடித்துக்கொண்டு மேஜைவரை நடந்தே வந்தார்.

"வலிச்சுச்சு தம்பி, இல்லன்னு சொல்லல. இப்பக் கொறஞ்சிருச்சு. இங்க ஒரு புள்ள விடாமக் கேட்டுக்கிட்டே இருக்கு. நீ அங்கயே இரு."

ரிசீவரை என் கையில் கொடுத்தார். மறுமுனையில் மகன், "நன்றிங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டான்.

அந்த அம்மா வீட்டுக்குப் போன வாரம், டாக்டர் எல்லாக் கட்டில் சார்ட்டிலும் அந்த இரண்டு பத்திகளைப் போடச் சொன்னார். ஒரு காலையில் மருந்து டிரேயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் மன்னார்குடி வாத்தியார் ஒருவர் வலியே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீனியர் சிஸ்டர் விடவில்லை.

"படுத்துக்கிட்டு சொல்றதெல்லாம் கணக்குல வராது சார். இருமிக் காட்டுங்க, அப்பச் சொல்லுங்க."

நான் நிமிரவில்லை. சிரிப்பதை சிஸ்டர் பார்த்துவிடக் கூடாதே என்று துடைத்த டிரேயையே மறுபடி துடைத்தேன்.