தாலித் தட்டு வந்து சேரும்வரை

ஆரோக்கியம் போய்விட்டான். காலையில் அவன் மகள் போன் செய்தாள்... தூக்கத்திலேயே.

எங்கள் ராக் பேண்டின் டிரம்மர். அறுபதுகளில் புதுக்கோட்டையில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடை ஏறியவர்கள் நாங்கள் நான்கு பேர்தான் என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம், தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

நான் ரிதம் கிட்டார். சுமார்தான். என் தாளம் நழுவினால் அவன் முறைக்க மாட்டான். டிரம்மைக் கொஞ்சம் அழுத்தி அடிப்பான்... நான் வந்து சேர்ந்துகொள்வேன்.

ரிகர்சல் திருக்கோகர்ணத்தில், எங்கள் வீட்டு மாடியில். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் கேட்டார்: "தம்பி, மேல என்ன, வீட்டை இடிக்கிறீங்களா?"

"இல்லீங்கம்மா, இப்பத்தான் கட்டிக்கிட்டு இருக்கோம்" என்றான் ஆரோக்கியம்.

அவன் அப்பா கறம்பக்குடியில் பள்ளி ஆசிரியர். மகன் டிரம் அடிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. திருமயம் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். "நானும் வாரேன். கேட்டுப் பாக்குறேன். சரிப்படலன்னா டிரம்மை வித்துட்டு வாத்தியார் டிரெயினிங் ஸ்கூல்ல சேந்துரணும்" என்று சொல்லிவிட்டார்.

மாலைக் கச்சேரிக்குக் காலையிலேயே டிரம் செட்டை மண்டபத்தில் இறக்கிவிட்டோம்; அவன் அப்பாவும் கூடவே வந்திருந்தார். ஆனால் நாதஸ்வரக் கோஷ்டி வந்த வண்டி வழியில் நின்றுவிட்டது. முகூர்த்த நேரம் வந்துவிட்டது... மேளம் இல்லை.

"கெட்டி மேளம் இல்லாம எப்படிங்க தாலி கட்டுறது?" பெண்ணின் அப்பா வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார்.

"நான் அடிக்கிறேங்க" என்றான் ஆரோக்கியம்.

பெண்ணின் தாய்மாமன் விரலைத் தூக்கி ஆட்டும்போது ஆரம்பிக்க வேண்டும் என்று ஏற்பாடு. தாலித் தட்டு, எல்லோரும் தொட்டு வாழ்த்துவதற்காகக் கூட்டத்துக்குள் போனது. தாய்மாமன் விரலைத் தூக்கி ஆட்டினார்.

ஆரோக்கியம் ஆரம்பித்துவிட்டான்.

அவர் சோடா கேட்டிருக்கிறார்.

மணமேடையில் மாப்பிள்ளை வெறுங்கையோடு விழிக்கிறார். அட்சதை பறக்கிறது. தட்டு எங்கோ கடைசி வரிசையில்... ஆரோக்கியத்தின் அப்பா கையில். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

நிறுத்திவிடு என்று நான் சைகை காட்டினேன். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். ஆரம்பித்த கெட்டி மேளம் தாலி ஏறாமல் நின்றால் அபசகுனம். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

தவில்காரர்கள் கொஞ்ச நேரம் அடிப்பதை அவன் அடித்துக்கொண்டே இருந்தான். கைவசம் இருந்த கெட்டி மேளம் தீர்ந்ததும் எங்கள் ராக் பீட்டுக்கு மாறினான். சிம்பல், பாஸ் டிரம், எல்லாம் முழு வேகத்தில். அப்பா தட்டை அடுத்த கைக்குத் தள்ளினார். அந்தக் கை அடுத்ததற்கு... வரிசை வரிசையாகத் தட்டு அந்த பீட்டிலேயே ஓடி வந்தது. ஆச்சிமார்கள்கூடக் கை தட்டினார்கள். மூன்றாவது முடிச்சு விழுந்த பிறகுதான் அவன் குச்சிகளைக் கீழே வைத்தான்.

மண்டபமே ஆர்ப்பரித்தது. நான் அதுவரை அப்படி ஒரு கைதட்டல் கேட்டதில்லை.

"ஏம்ப்பா, நான் சோடா கேட்டேன். நீ கல்யாணத்தையே முடிச்சுட்டியே" என்றார் தாய்மாமன்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நகர்ந்துகொண்டோம். அவர் மகனின் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

"போய் ஒழுங்காச் சாப்புடு. சாயங்காலம் வேற வாசிக்கணும்ல."

அவ்வளவுதான். டிரெயினிங் ஸ்கூல் பேச்சே பிறகு எழவில்லை.

மெட்ராஸ் ஹோட்டல்கள், ரெக்கார்டிங், கப்பலில் வாசித்துக்கொண்டே பாதி உலகம்... எங்கள் நால்வரில் அவன் ஒருவன்தான் வாழ்நாள் முழுக்க இசையால் சாப்பிட்டான். போன வருடம்கூட ஒரு காலேஜ் மேடையில் வாசித்தான்.

நாளை கறம்பக்குடியில் அடக்கம்.

நன்றாக வாசித்தாய், ஆரோக்கியம்.